பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப்: எந்த ஐ.சி., எந்த பேட்டரி?

பெர்ஜுந்தை_வாசி

வணக்கம். மின்ட் டப்பாவுக்குள் அடங்குகிற ஹெட்போன் ஆம்ப் ஒன்று சொந்தமாகக் கட்டப் போகிறேன். தேடினால் முதலில் வருவது சீமோய் சர்க்கிட்தான்: ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஓபிஏ2134 ஐ.சி., பேட்டரியை இரண்டாகப் பிரிக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 11.

கேட்பது பெரும்பாலும் உறுமி மேளப் பதிவுகள், எடிட் செய்வதற்காக. ஹெட்போன் இரண்டு உண்டு. ஒன்று 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல். இன்னொன்று 250 ஓம், 96 டெசிபல். கைப்பேசியில் ஜாக் இல்லை, டைப்-சி டாங்கிள் போட்டுக் கேட்கிறேன். அது முழு ஒலியில் 1 வோல்ட் ஆர்.எம்.எஸ். தருகிறது.

என் கேள்விகள்: ஓபிஏ2134-ஐயே வாங்கலாமா, கையில் இருக்கும் என்இ5532 போதுமா? 9 வோல்ட் பேட்டரியா, 18650 லித்தியம் செல்லா? எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையில் (மலேசியாவின் சிலாங்கூரில், இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா) கிடைப்பது கைப்பேசிக் கடை, ஹார்ட்வேர் கடை சாமான்தான். எதையெல்லாம் வெளியில் வாங்கியே ஆக வேண்டும்?

---

ஈயக்கம்பி

ஐ.சி.யைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் தம்பி. இந்த மாதிரி ஆம்பில் எல்லாரும் ஐ.சி.க்குக் காசைக் கொட்டுகிறார்கள், கெட்டுப்போவது என்னவோ கிரவுண்டில், அதாவது பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே உண்டாக்கும் பொதுப் புள்ளியில்.

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்போம். உங்கள் 32 ஓம் ஹெட்போன் 110 டெசிபல் எட்ட 10 மில்லிவாட் வேண்டும். அதற்கு 0.57 வோல்ட் ஆர்.எம்.எஸ். போதும், ஆனால் கரண்ட் உச்சத்தில் 25 மில்லியாம்ப். 250 ஓம் ஹெட்போன் நேர்மாறு: 2 வோல்ட் கொடுத்தால் 16 மில்லிவாட், அதாவது 108 டெசிபல், உச்சக் கரண்ட் 11 மில்லியாம்ப்தான். ஒன்று கரண்ட் கேட்கிறது, இன்னொன்று வோல்ட் கேட்கிறது. டாங்கிள் 1 வோல்ட் தருவதால் இரண்டுக்கும் சேர்த்து கெயின் 2 போதும். 11 என்பது சோர்ஸ் பலவீனமாக இருந்தால் தேவைப்படலாம். உங்களுக்கு வைத்தால் வால்யூமைக் கொஞ்சம் தொட்டதுமே காது கிழியும். மலிவு வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரில் (சுருக்கமாக 'பாட்') இடது, வலது சமமில்லாத இடமும் அந்த ஆரம்பப் பகுதிதான். பின்னணி இரைச்சலும் கெயினோடு சேர்ந்து ஏறும்.

இப்போது கிரவுண்ட். 25 மில்லியாம்ப் ஒரு சேனலுக்கு. பாஸ் (அடி ஒலி) இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்போது திரும்பி வருவது 50 மில்லியாம்ப். அது அத்தனையும் ஜாக்கின் பொதுக் காலில் இறங்கி நடுப்புள்ளிக்குத்தான் போக வேண்டும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரால் இதைத் தாங்கவே முடியாது. தாங்குவது அந்த இரண்டு 220 மைக்ரோஃபாரட்தான். சிக்னல் பார்வையில் அவை பேரலல், மொத்தம் 440. இரண்டு 32 ஓம் சேர்ந்து 16 ஓம். கணக்குப் போட்டால் சுமார் 23 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் விழும். உறுமியின் அடி அதற்கு மேலேதான் இருக்கிறது என்றாலும், நடுப்புள்ளி ஆட ஆரம்பிப்பது அதற்கு வெகு முன்பே. ஒரு சேனலில் சின்ன டி.சி. கசிவு இருந்தாலும் நடுப்புள்ளி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பேட்டரி இறங்கும்போது ஒரு பக்க அலை மட்டும் முதலில் வெட்டுப்படும்.

டிஎல்இ2426 என்று நடு கிரவுண்டுக்கென்றே ஒரு மூன்று கால் ஐ.சி. உண்டு. நல்ல சாமான். ஆனால் அது தாங்குவது 20 மில்லியாம்ப். 250 ஓமுக்குச் சரி, 32 ஓமுக்குத் தனியாக நிற்காது.

நான் சொல்வது: என்ஜேஎம்4556ஏ இரண்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஐ.சி.க்குள்ளும் இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பகுதி), ஒவ்வொன்றும் 70 மில்லியாம்ப் வரை தரும், ±2 வோல்டிலிருந்தே வேலை செய்யும். 2011-இல் வந்த ஓ2 என்ற ஹெட்போன் ஆம்பின் அவுட்புட்டில் இருப்பதும் இதுதான். ஒன்று இடது, வலது சேனலுக்கு. மற்றதில் ஒரு பாதியை நடு கிரவுண்டுக்கு பஃபராக (வோல்டேஜை மாற்றாமல் கரண்டை மட்டும் தாங்குவதாக)ப் போடுங்கள்: 10 கிலோ ஓம் இரண்டால் பேட்டரியைப் பிரித்து, அந்தப் புள்ளியில் 100 மைக்ரோஃபாரட் ஒன்றை மைனஸுக்கு வைத்து, அதை பிளஸ் இன்புட்டில் கொடுத்து, அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு நேராகக் கட்டுங்கள். அந்த அவுட்புட்தான் உங்கள் கிரவுண்ட். மிச்சமிருக்கும் பாதியைத் தொங்கவிடாதீர்கள்; அதையும் அதே மாதிரி ஃபாலோயராகக் கட்டி, அவுட்புட்டை எங்கும் சேர்க்காமல் விடுங்கள்.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று: பஃபர் போட்ட பிறகு அதன் அவுட்புட்டிலிருந்து பிளஸுக்கும் மைனஸுக்கும் பெரிய கெபாசிட்டர் வைக்கக் கூடாது. ஆப்-ஆம்ப் அந்தச் சுமையைத் தள்ள முடியாமல் ஆஸிலேட் ஆகும், அதாவது தானாகவே அதிரும். சத்தம் கேட்காது, ஐ.சி. மட்டும் சுடும், பேட்டரி மளமளவென்று இறங்கும். 470 மைக்ரோஃபாரட்டை பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே போடுங்கள், நடுவைத் தொட வேண்டாம்.

---

பாசார்_ரோடு

கிரவுண்ட் விஷயம் ஈயக்கம்பி அண்ணன் சொன்னதே. நான் 5532 பற்றியும் சாமான் வாங்குவது பற்றியும்.

5532 கெட்ட ஐ.சி. இல்லை. அதை சீமோய் போர்டில் அப்படியே குத்தினால்தான் வம்பு. அதன் இன்புட்டில் சாதாரணமாக 200 நானோஆம்ப் ஓடும். சீமோயில் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். பெருக்கிப் பாருங்க, 20 மில்லிவோல்ட். கெயின் 11 என்றால் ஹெட்போன் வாயில் 220 மில்லிவோல்ட் டி.சி. வந்து நிற்கும். ஓபிஏ2134 எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் இன்புட், ஓடுவது பிக்கோஆம்ப் கணக்கில்தான், அதனால் அதே போர்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. "ஐ.சி. மாத்தினேன், சத்தம் கரகரன்னு ஆயிடுச்சு" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை.

இதையே போலி பிடிக்கவும் பயன்படுத்தலாம். ஆன்லைனில் ரெண்டு வெள்ளிக்கு வரும் ஓபிஏ2134-இல் மேல் எழுத்தைச் சுரண்டி வேறு ஐ.சி.யில் அச்சடித்தது நிறைய. ஐ.சி.யை ஃபாலோயராகக் கட்டி, பிளஸ் இன்புட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு 1 மெகா ஓம் வையுங்க. அவுட்புட்டுக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்க. அசல் எஃப்.இ.டி. ஐ.சி. என்றால் இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். மைனஸ் 200 மில்லிவோல்ட் பக்கம் காட்டினால் உள்ளே இருப்பது 5532 ரகம். டிஎல்072-ஐ ஓபிஏ என்று விற்றால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதுவும் எஃப்.இ.டி. தான். அதற்கு 32 ஓம் சுமை வைத்து ஒலியை ஏற்றுங்க. டிஎல்072 கரண்ட் கொடுக்க முடியாமல் சீக்கிரமே கிழியும்.

சாமான்: ஐ.சி.யும் வால்யூம் பாட்டும் மட்டும் தெரிந்த இடத்தில் வாங்குங்க. கோலாலம்பூர் போனால் புடு ஜாலான் பாசாரில் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கு, கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். இல்லையென்றால் ஆர்.எஸ்., எலிமெண்ட்14 மாதிரி அங்கீகரிக்கப்பட்ட இடம். தபால் செலவு ஐ.சி. விலையை மிஞ்சும், ஆனா சாமான் அசல். ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். ஷாப்பியில் கலவை பாக்கெட் வாங்கினால் வண்ணக்கோட்டை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து குத்துங்க. நீலத் தோலில் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பாட் 10 கிலோ ஓம், ஸ்டீரியோ, லாக் (லாகரிதமிக்). முதுகில் ஏ10கே என்று இருக்கணும், பி10கே இல்லை. பி என்றால் லீனியர். ஒன்பது மணி நிலையிலேயே முக்கால்வாசி சத்தம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆல்ப்ஸ் ஆர்கே097 சுவிட்சோடும் வரும், டப்பாவில் இடம் மிச்சம்.

கைப்பேசிக் கடையில் வாங்க வேண்டியது ஈயம், ஃபிளக்ஸ், ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவம். ஃபார்மசி ஸ்பிரிட் 70 சதவீதம், மிச்சம் தண்ணீர், அதால் போர்டு துடைக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு ஃபிளக்ஸைத் துடைக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் ரெண்டு கால்களுக்கு நடுவே பச்சை பூக்கும், மழை நாளில் கிர்ர் என்று சத்தம் வரும். ஓட்டை போட்ட போர்டு பச்சை ஃபைபர் கிளாஸ் வாங்குங்க. அந்தப் பழுப்பு அட்டை ஈரம் குடிக்கும், ரெண்டு தடவை சூடு காட்டினால் செம்பு உரிந்து வந்துடும்.

---

செல்_மாற்றி

பேட்டரிக் கேள்வியை யாரும் தொடவில்லை.

4556 இரண்டு சும்மா இருக்கும்போதே 18 மில்லியாம்ப் குடிக்கும். எல்.இ.டி., பாட்டு ஒலிப்பது எல்லாம் சேர்த்து சராசரி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் ஆல்கலைன் 20 மணி நேரம் எட்டுவதே கஷ்டம். ரீசார்ஜ் நிக்கல் 9 வோல்ட் 200 மில்லியாம்ப்-ஹவர், 8 மணி நேரம். கடைத்தெருவில் மலிவாகத் தொங்கும் கார்பன்-ஜிங்க் 9 வோல்டை இதில் போடவே வேண்டாம். உள் எதிர்ப்பு ஆல்கலைனைவிடப் பல மடங்கு, பாஸ் வரும்போதெல்லாம் வோல்டேஜ் குனியும். 2500 மில்லியாம்ப்-ஹவர் 18650 இரண்டை சீரிஸில் போட்டால் 100 மணி நேரம் போகும். முழுச் சார்ஜில் 8.4, காலியாகும்போது 6 வோல்ட். 6 வோல்ட்டிலும் 250 ஓமுக்கு 1.2 வோல்ட் ஆர்.எம்.எஸ். கிடைக்கும், அது 103 டெசிபல். போதாதா?

அடுத்து வரப் போகும் யோசனையை இப்போதே தடுத்துவிடுகிறேன். "இரண்டு செல் இருக்கிறதே, நடுவில் ஒரு ஒயர் எடுத்தால் அசல் கிரவுண்ட் கிடைக்குமே, பஃபர் எதற்கு?" என்று தோன்றும். ஒலிக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு செல் முந்தி இறங்கி, பி.எம்.எஸ். போர்டு (செல்லைக் காக்கும் போர்டு) மைனஸ் வழியை வெட்டினால் என்ன ஆகும்? மைனஸ் போய்விடும், நடு ஒயர் வழியாக பிளஸ் பக்கம் உயிரோடு நிற்கும். ஆப்-ஆம்ப் அவுட்புட் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வோல்ட் கணக்கில் டி.சி.யை ஹெட்போனுக்குள் தள்ளும். காயில் கருகினால் மாற்ற முடியாது. ஓ2 ஆம்பில் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் வெட்டுவதற்கென்றே வோல்டேஜைப் பார்க்கும் கம்பேரட்டரும் வழியை வெட்டும் மாஸ்ஃபெட்டும் வைத்திருப்பது இதனால்தான். அதைக் கட்ட விருப்பமில்லை என்றால் நடுவை பஃபரில் உண்டாக்குங்கள். பேட்டரி போனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும்.

ஒற்றை 18650 வைத்து பூஸ்ட் மாட்யூலில் 9 வோல்ட் ஏற்றுவதும், ஐசிஎல்7660 வைத்து மைனஸ் உண்டாக்குவதும் எனக்குப் பிடிக்காது. 7660 சும்மா விட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அது காதுக்குக் கேட்கிற இடம். கொசு மாதிரி ரீங்காரம்.

சார்ஜுக்கு: செல்லைக் கழற்றி வெளிச் சார்ஜரில் போடுவதே எளிது, பத்திரமும்கூட. அப்படியானால் பாதுகாப்புப் போர்டு உள்ள செல் வாங்குங்கள். ஆனால் அது சாதாரணச் செல்லைவிட நான்கைந்து மில்லிமீட்டர் நீளம், பிளாஸ்டிக் ஹோல்டரில் இறுக்கும், வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். செல்லை மாற்றிப் போட்டாலும் தப்பிக்க பிளஸ் வழியில் 1என்5819 டயோடு ஒன்று. 0.3 வோல்ட் போகும், போகட்டும். தனி பி.எம்.எஸ். போடுபவர்களுக்கு ஒன்று: புதிதாகக் கட்டியதும் அவுட்புட்டில் ஒன்றும் வராவிட்டால் பயப்பட வேண்டாம். பல போர்டுகள் ஒருமுறை சார்ஜரைக் காட்டினால்தான் விழிக்கும்.

---

பெர்ஜுந்தை_வாசி

மிக்க நன்றி. இரண்டு 4556, இரண்டு 18650 என்று முடிவு செய்துவிட்டேன். இன்புட் பக்கம் என்ன வைக்க வேண்டும்? அவுட்புட்டில் 47 ஓம் வைக்கச் சொல்லும் சர்க்கிட்டும் பார்த்தேன், வேண்டுமா? இரண்டாவது ஐ.சி.யில் சும்மா இருக்கும் பாதியையும் 1 ஓம் வழியாகப் பேரலல் போட்டு கிரவுண்டை இன்னும் பலமாக்கலாமா?

---

ஈயக்கம்பி

பேரலல் வேண்டாம். இரண்டு 1 ஓம் பேரலலில் அரை ஓம் ஆகும். அந்த அரை ஓம் இரண்டு சேனலுக்கும் பொதுவான பாதையில் உட்காரும். 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்க ஒலி மறுபக்கம் 36 டெசிபல் கீழே கசியும். பஃபரை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக விட்டால் அதைவிட எவ்வளவோ நல்லது, தேவை 50 மில்லியாம்ப், பஃபர் 70 வரை தரும்.

47 ஓமை ஹெட்போனுக்கு சீரிஸில் வைத்தால் 32 ஓமில் பாதிக்கு மேல் சத்தம் ரெசிஸ்டரிலேயே போய்விடும், பாஸ் தளர்ந்து ஒலிக்கும். சேனலுக்கு 1 ஓம் போதும்.

இன்புட்: ஜாக்கிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், பிறகு 10 கிலோ ஓம் பாட். 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்த அளவு டப்பாவில் அடங்காது என்று செராமிக் வைக்காதீர்கள். எக்ஸ்7ஆர் என்ற செராமிக் ரகம் சிக்னல் வழியில் வோல்டேஜுக்கு ஏற்ப மதிப்பு மாறி ஒலியைச் சிதைக்கும். ஃபிலிமில் பெட்டி வடிவம், மேலே 225 என்று இருப்பது. பாட்டின் நடுக் காலிலிருந்து 220 ஓம், பிறகு ஆப்-ஆம்பின் பிளஸ் கால். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு சாமான்: 220 பிக்கோஃபாரட் சி0ஜி (மதிப்பு மாறாத செராமிக் ரகம்), 100 கிலோ ஓம். பிக்கோஃபாரட் எதற்கு என்றால் கைப்பேசி பக்கத்திலேயே இருக்கும், அதன் டிக்-டிக் சத்தம் உள்ளே வராமல் இருக்க. 100 கிலோ ஓம் ரொம்ப முக்கியம். பாட்டின் துடைப்பான் (உள்ளே நகரும் தொடுமுனை) ஒரு நொடி தூக்கினாலும் இன்புட் அந்தரத்தில் நிற்கும், அவுட்புட் ஒரு ஓரத்துக்கு ஓடி ஹெட்போனை அறையும். ஐந்து காசு ரெசிஸ்டர் அதைத் தடுக்கிறது.

கெயினுக்கு ஃபீட்பேக்கில் 1.5 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓம். ஒவ்வொரு ஐ.சி.யின் 4-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 104 என்று எழுதிய செராமிக், காலை ஒட்டி. இங்கே எக்ஸ்7ஆர் தாராளமாக வைக்கலாம். போர்டின் மூலையில் வைத்தால் வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான்.

ஒயர் போடும்போது பஃபர் அவுட்புட் காலையே மையப் புள்ளியாக்குங்கள். ஹெட்போன் ஜாக்கின் பொதுக் காலுக்கு அங்கிருந்து தனி ஒயர், இன்புட் ஜாக்குக்குத் தனி ஒயர். ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குக் கோத்துக்கொண்டு போனால் மேலே கணக்குப் போட்டதெல்லாம் வீண்.

---

பாசார்_ரோடு

ஹெட்போன் குத்தும் முன்னால் ரெண்டு சேனலுக்கும் 33 ஓம் கால் வாட் ரெசிஸ்டரைச் சுமையா வச்சு டி.சி. அளங்க. 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் குத்தலாம். 20-ஐத் தாண்டினால் எங்கேயோ தப்பு. வோல்ட் கணக்கில் காட்டினால் பிளஸ் காலுக்குப் போகும் ஈயம் ஒட்டலை, இல்லை ஐ.சி. தலைகீழா இருக்கு. பள்ளம் இருக்கும் பக்கம்தான் 1-ஆம் கால். ஐ.சி.க்கு சாக்கெட் வைங்க, வெறும் சாக்கெட்டில் 8-க்கும் 4-க்கும் இடையே வோல்டேஜ் பார்த்த பிறகு ஐ.சி.யை அழுத்துங்க. சுவிட்ச் போட்டதும் ஒரு "டொப்" வரும், நடுப்புள்ளி ஏற அரை நொடி ஆகும். முதலில் ஆன், அப்புறம் ஹெட்போன்.

---

செல்_மாற்றி

தகர டப்பா என்றீர்களே. ஜாக்கின் உலோகக் கழுத்து நடு கிரவுண்ட். அது டப்பாவைத் தொட்டால் டப்பா முழுக்க நடு கிரவுண்ட். பேட்டரி ஹோல்டரின் மைனஸ் தகடோ, சார்ஜிங் சாக்கெட்டின் கூடோ அதே டப்பாவைத் தொட்டால் நடுவும் மைனஸும் ஷார்ட், பஃபர் ஐ.சி. முழுக் கரண்டைத் தள்ளிக்கொண்டு வேகும். கழுத்து பிளாஸ்டிக்கான ஜாக்காக வாங்குங்கள். டப்பாவுக்குள் தடித்த அட்டை ஒன்றை வெட்டிப் போடுங்கள்.

இதே ஷார்ட் டப்பாவே இல்லாமலும் நடக்கும். பின்னாளில் உள்ளேயே டைப்-சி சார்ஜ் மாட்யூல் வைத்து, லேப்டாப்பிலிருந்து சார்ஜ் போட்டபடி அதே லேப்டாப்பின் ஆடியோவை இன்புட்டில் குத்தினால், யு.எஸ்.பி. கிரவுண்ட் உங்கள் மைனஸோடும் ஆடியோ கிரவுண்ட் உங்கள் நடுவோடும் சேர்ந்துவிடும். லேப்டாப்பில் இரண்டும் ஒரே இடம். அதற்கு இருவழி சுவிட்ச் ஒன்று வாங்குங்கள்: ஒரு பக்கம் தள்ளினால் பேட்டரி சார்ஜருக்கு, மறுபக்கம் தள்ளினால் ஆம்புக்கு. ஆனால் அந்த சுவிட்ச் மைனஸ் வழியையும் வெட்ட வேண்டும், பிளஸை மட்டும் வெட்டினால் பயனில்லை. ஆறு கால் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.